எண்ணெய் பட்ட ஸ்போக்

வண்டியூர் தெப்பக்குளம் பல வருஷம் காய்ந்து கிடந்ததும், பிள்ளைகள் அதற்குள் இறங்கி கிரிக்கெட் விளையாடியதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. பிறகு ஒரு வருஷம் வைகைத் தண்ணீர் உள்ளே வந்தது. நடு மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுவதைப் பார்க்க ஜனங்கள் குடும்பத்தோடு வந்து, சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். நான் சொல்லப்போவது அதற்கு முந்தின வருஷத்து ஆயுத பூஜையில் நடந்தது. வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்கு வராது. தண்ணீர் வந்த வருஷம், வராத வருஷம், அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரை சார் பார்க்கவில்லை. அதற்குள் ஊரைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் ஊரை விட்டுப் போனதற்கு நான் காரணமில்லை. ஆனால் அவர் விமானம் விடுவதை நிறுத்தியதற்கும், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பதை நிறுத்தியதற்கும் நான்தான் காரணம். தன் கை கெட்டுப்போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கை கெடவில்லை. அது எனக்குத் தெரியும். ரொம்ப நாள் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவளே கொஞ்சம் திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். விஷயத்தை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு சைக்கிள் கடை. தெப்பக்குளத்துக்குக் கிழக்கே, ஒரு வேப்பமரத்தை ஒட்டித் தகரம் போட்ட கடை. நான் பள்ளிக்கூடம் போனது ஒரு மாசம். அதற்கப்புறம் சோழவந்தான் பக்கம் அப்பாவோடு கொடிக்காலில் வேலைக்குப் போய்விட்டேன். நிலம் எங்களுக்கு இல்லை. அடுத்தவர் வெற்றிலைக்குக் கொடி கட்டுவது, தண்ணீர் பாய்ச்சுவது. பதினைந்து பதினாறு வயசில் மதுரைக்கு வந்து ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். பின்னால் என் கடை என்று ஒன்றைப் போட்டேன். அதெல்லாம் வேறு கதை.

சார் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். உயரமான ஆள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒரு நாள் காலையில் கடை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஸ்போக் இருக்கா?"

"எத்தன இஞ்சு வீலுக்கு சார்?"

"எதுனாலும் சரி. மரை போட்டிருக்க நுனி மட்டும் போதும். மூணு விரக்கடை இருந்தா ஆச்சு."

"மிச்சக் கம்பிய என்ன செய்ய?"

"நீங்களே வச்சுக்கங்க."

"சைக்கிள் எங்க சார்?"

"சைக்கிளுக்கு இல்லண்ணே. பிளேனுக்கு."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். தெளிவான ஆள் மாதிரித்தான் இருந்தார்.

"அப்ப ஏர்போர்ட்டுக்கும் நம்ம கடைதானா சார்? இம்புட்டு நாளா சொல்லவே இல்லையே யாரும்."

அவர் சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். அவர் மரத்தில் சின்ன விமானம் செய்கிறவர். ரிமோட்டில் பறக்கும். விமானத்தின் வயிற்றில் சர்வோ என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டார். வாலில் ஏறி இறங்க ஒரு பலகை. ரிமோட்டில் உள்ள குச்சியைப் பெருவிரலால் அசைத்தால் சர்வோ அசையும், சர்வோ ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி வால் பலகையைத் தள்ளும், விமானம் ஏறும் இறங்கும். அந்தக் கம்பிக்குப் பேர் புஷ்ராடு.

"பழைய சைக்கிள்ல ஹேண்டில்ல இருந்து வீலுக்குப் போகுமே, பிரேக் கம்பி, அதான சார்?"

"அதேதாண்ணே. அம்புட்டுத்தான் விஷயம்."

ஒரு படித்த மனுஷன், அதுவும் பிசிக்ஸ் வாத்தியார், நான் சொன்னதை அதேதான் என்று ஒத்துக்கொண்டது எனக்கு அதுதான் முதல் தடவை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்ததற்கெல்லாம் இந்த சந்தோஷமும் ஒரு காரணம்.

முதலில் அவர் பிளாஸ்டிக் குழாயில்தான் புஷ்ராடு போட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிப்படவில்லை. காலையில் சரியாகப் பறக்கும் விமானம் பதினோரு மணிக்கு மூக்கைத் தொங்கப் போடும். குழாய் சூட்டில் கொஞ்சம் நீண்டுவிடும், வால் பலகை அந்த அளவுக்குச் சாய்ந்துவிடும். அப்புறம்தான் கார்பன் பைபர் குழாயைப் பார்சலில் வரவழைத்தார். கறுப்பாக, சோளத்தட்டை நுனி மாதிரி மெலிசாக இருக்கும். கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. வளையாது, வெயிலில் நீளாது. ஆனால் அதன் இரண்டு முனையிலும் ஸ்போக் துண்டைச் சொருகி ஒட்டினால்தான் ஒரு பக்கம் சர்வோவிலும் இன்னொரு பக்கம் வாலிலும் மாட்ட முடியும். அந்த ஒட்டும் வேலை அவருக்குச் சரியாக வரவில்லை. என்னிடம் கொடுத்தார்.

கார்பன் குழாயை ரம்பத்தில் அறுத்தால் முனை பிளந்துவிடும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, முக்கோண அரத்தால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். தேய்ந்து தானாகக் கையோடு வரும். அந்தக் கறுப்புத் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். பிறகு குழாயின் உள்பக்கத்தைச் சுரண்டி, ஸ்போக்கை எமரித் தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டையும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தை அதற்கு மேல் விரலால் தொடக்கூடாது. இதை சார் எனக்குப் பல தடவை சொன்னார்.

"விரல்ல இருக்க எண்ணெய் போதும்ணே, பசை பிடிக்காது. பாத்தா ஒட்டுன மாதிரி இருக்கும். ஒட்டியிருக்காது."

இரண்டு டியூப்பைச் சம அளவு பிதுக்கிக் கலக்கும் பசை அது. கலந்து, ஸ்போக்கைத் திருகித் திருகி உள்ளே விட வேண்டும். கடைசியாக முனை பிளக்காமல் இருக்க வெளியே நைலான் நூல் சுற்ற வேண்டும். இதில் மட்டும் சாருக்கு நான் வாத்தியார். அவர் நூலை இறுக்கோ இறுக்கென்று இறுக்கிக் குழாயை நொறுக்கிவிடுவார். வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தில் கோரையால் கட்டுகிறவனுக்கு அந்தக் கணக்கு தெரியும். கொடி நழுவக்கூடாது, கொடியின் கழுத்தும் நெரியக்கூடாது. கோரையை விரலில் சுற்றி இழுக்கும்போதே போதும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அப்பா ஒரு நாளைக்கு எத்தனை கட்டுக் கட்டுவார் என்று நான் எண்ணியதில்லை. அவர் கட்டியதில் ஒரு கொடி நெரிந்து வாடியதாக யாரும் சொன்னதில்லை.

எல்லாம் முடிந்து ஒரு நாள் காய்ந்ததும் சோதனை. அது என் யோசனை. புஷ்ராடின் ஒரு முனையை வேப்பமரத்தில் அடித்த ஆணியில் மாட்டி, மறு முனையில் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டித் தண்ணீர் ஊற்றுவேன். குடம் நிறைய ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தொங்கிக்கொண்டிருந்தால் அது நல்ல ராடு. சார் அதைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல நான் போர்டுல படமா போட்டதத்தாண்ணே நீங்க மரத்துல தொங்க விட்டிருக்கீங்க" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் திருவாதவூர் பக்கம் காய்ந்து கிடக்கும் ஒரு கண்மாயில் விமானம் விடுவார்கள். நாலைந்து பேர் வருவார்கள். சாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன், மடியில் விமானத்தின் இறக்கையை வைத்துக்கொண்டு. வருகிறவர்களில் மொபைல் கடைக்காரர் ஒருவர் உண்டு. வாய் அடங்காது.

"பெருசு, ஏரோநாட்டிக்கல் எந்தக் காலேஜுல படிச்சீக?"

"தெப்பக்குளம் காலேஜு மாப்ள. நீ பெயிலானேல்ல, அதுக்கு எதுத்த கட்டடம்."

அவரும் என்னிடம்தான் புஷ்ராடு வாங்கினார். அவர் சொல்லி வெளியூர் ஆட்களும் கேட்டு அனுப்பினார்கள். சார் ஒவ்வொரு ராடுக்கும் நீளத்தைச் சின்னத் தாளில் எழுதி ஒட்டித் தருவார். 'மதுரை ராடு' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது இப்போதும் உள்ளே ஏதோ நிமிர்கிறது. நிமிரக்கூடாதுதான்.

அந்த வருஷம் சார் பெரிய விமானம் ஒன்று செய்தார். மஞ்சள் இறக்கை, நீளமான வால். எட்டு மாசம் செய்தார். அதற்கு நாலு புஷ்ராடு வேண்டும் என்றார். ஏற இறங்க ஒன்று, திரும்ப ஒன்று என்று இரண்டு மாட்டுவதற்கு, இரண்டு கையிருப்புக்கு. நான் எட்டு ஸ்போக் துண்டுகளை எமரி போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து, வெள்ளைத் தாளில் சுருட்டி வைத்திருந்தேன். ஒட்டுவதுதான் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை சர்ச் சர்வீஸ் முடிச்சிட்டு வந்து பறக்க விடலாம்ணே" என்று சார் சொன்னார்.

"அதுக்கு முன்னாடியே விஜயதசமி வருது சார். புதுசா எது தொடங்குனாலும் அன்னைக்குத் தொடங்குனா நல்லது. அன்னைக்கே விட்டுருவோம்."

"எனக்கு எல்லாமே ஆண்டவர் குடுத்த நாள்தான். ஒங்களுக்கு அன்னைக்குத்தான் திருப்தின்னா அன்னைக்கே விடுவோம்."

நாள் பார்த்தது நான். இதை நன்றாக எழுதிக்கொள் என்று மருமகளிடம் சொன்னேன்.

ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவி, ஸ்பேனர், சுத்தியல், அரம், பம்பு, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கினேன். அடுக்கியதும் எல்லா இரும்புக்கும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு பூச்சு. அதன் மேல் சந்தனம், குங்குமம். ஐம்பது வருஷமாக இப்படித்தான். இரும்புக்கு எண்ணெய் போடாமல் சாமி முன்னால் வைக்க மாட்டேன். வறட்டு இரும்பை வைத்தால் தொழிலை வறட்டுவதாக முதலாளி சொல்லிக்கொடுத்தது.

எல்லாம் முடித்துப் பார்த்தால் அந்த வெள்ளைத் தாள் சுருள் அலமாரியில் இருக்கிறது. இதுவும் தொழில்தானே, இதை மட்டும் ஏன் ஒதுக்கி வைப்பது என்று நினைத்தேன். சைக்கிளை விட இதில்தானே எனக்குப் பேர் வந்தது. சுருளைப் பிரித்து எட்டு ஸ்போக் துண்டையும் எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தேன். எடுத்த கைக்கு யோசனை ஏது. எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தேன். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து முடித்தோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் சூடம் காட்டிவிட்டுத்தான் ஆயுதத்தைக் கையில் எடுக்கலாம். எடுத்து முதல் வேலையாக அந்தப் புஷ்ராடுகளை ஒட்டினேன். ஸ்போக்கில் இருந்த சந்தனத்தைச் சுத்தமான துணியால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. ஸ்பிரிட் பாட்டில் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏற்கெனவே துடைத்த ஸ்போக்தானே என்று விட்டுவிட்டேன். எமரி கீறிய கோட்டுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? வாழ்நாள் பூரா எண்ணெயிலேயே கிடந்தவன். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை. வழக்கமான பசைக்கு ஒரு நாள் காய வேண்டும் என்பதால், சீக்கிரம் இறுகும் பசையைக் கலந்து ஒட்டினேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி மரத்தைப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்குக் கொடம் தொங்கல?"

"நேரமில்ல. சார் நாலு மணிக்கு வந்துருவாரு. நல்ல நேரம் போயிரும்."

"கொடம் தொங்குனா நல்ல நேரம் ஓடியா போயிரும்?"

"நீ கொழம்ப ஊத்து."

நாலு மணிக்கு சார் வந்தார். ராடைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நூல் சுற்றியிருந்த அழகை விரலால் தடவிப் பார்த்தார்.

"டெஸ்ட் ஆச்சாண்ணே?"

"ஆச்சு சார்."

இரண்டு வார்த்தைதான். அன்றைக்கு அது பொய் மாதிரியே தெரியவில்லை. இத்தனை நாள் ஒன்றுகூடக் கழன்றதில்லை, இது மட்டும் கழன்றுவிடுமா என்று இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கண்மாயில் அன்று காற்று குறைவு. விமானம் தரையில் ஓடி அழகாக மேலே ஏறியது. ஆட்கள் கைதட்டினார்கள். இரண்டு சுற்று வந்தது. மஞ்சள் இறக்கையில் சாயங்கால வெயில் பட்டது. மூன்றாவது சுற்றில் சார் அதை மேலிருந்து சாய்த்து, எங்கள் முன்னால் தாழ இறக்கி மறுபடி ஏற்றப் பார்த்தார். இறங்கியது, ஏறவில்லை. சார் பெருவிரலால் குச்சியைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் சரியாகத்தான் இருந்தது. விமானம் அப்படியே நேராகக் கண்மாய்க் கரையில் போய் விடலைத் தேங்காய் மாதிரி விழுந்தது.

பிறகு மொபைல் கடைக்காரர்தான், "லேட்டா இழுத்துட்டீங்க போல சார்" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

விழுந்த விமானத்தைப் பொறுக்கப் போவது எப்போதும் நான்தான். சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கருவேலஞ்செடிக்கு நடுவில் வால் மட்டும் முழுசாகக் கிடந்தது. வால் பலகையில் ஸ்போக் துண்டு மாட்டியபடி நின்றது. கார்பன் குழாய் தனியாகக் கிடந்தது, உடையாமல். ஸ்போக்கைப் பார்த்தேன். அதில் பசை துளிகூட இல்லை. பூஜைப் பலகையிலிருந்து எடுத்த மாதிரி பளபளவென்று இருந்தது. குழாய்க்குள் பசை இறுகி, ஸ்போக் இருந்த இடத்தில் வழவழவென்று ஓட்டை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் வாசனைகூட வந்த மாதிரி இருந்தது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம்.

பின்னால் சார் நடந்து வரும் சத்தம் கேட்டது. நான் ஸ்போக்கைக் கழற்றி வேட்டி மடிப்பில் சொருகினேன். கார்பன் குழாயை முழங்காலில் வைத்து மடக்கி, மூன்றாக உடைத்துச் சாக்கில் போட்டேன். உடையும்போது ஒரு சிலாம்பு உள்ளங்கையில் ஏறியது. சார் வந்து நின்றார். சாக்கைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் சொன்ன பேச்சக் கேக்கலண்ணே."

"காத்து சார். திடீர்னு ஒரு காத்து."

"காத்தே இல்லையே." விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. முதல்ல அவருக்கே தெரியல. நான்தான் கண்டுபிடிச்சுச் சொன்னேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மடியில் ஸ்போக் குத்திக்கொண்டிருந்தது. "வாங்க சார், போவோம்" என்றேன்.

நாலு நாள் கழித்துச் சொல்லிவிடுவது என்றே கிளம்பி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ரிமோட்டைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"நல்லவேளைண்ணே, இவரா நிறுத்திட்டாரு. இனிமேயாச்சும் வெயில்ல நின்னு கறுக்காம இருப்பாரு."

"நீ சந்தோசப்படு" என்றார் சார்.

"சந்தோசம்தான். அந்தப் பிளேனோட பேசுனதுல பாதி என்கூடப் பேசியிருப்பீங்களா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காபி சூடாக இருந்தது. அவருக்கும் ஓய்வுதானே, அந்த அம்மாவுக்கும் நிம்மதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். விழுந்த வேகத்தில்கூட ஸ்போக் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்றும் ஒரு சமாதானம் இருந்தது. அதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழங்காநத்தம் போய்விட்டு வரும் வழியில், அவர் சர்ச் வாசலில் இறங்கினேன். நான் உள்ளே போனதில்லை. வெளியே சுவரோரம் நின்று அவர் வாசிப்பதை முன்பு இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். பாட்டு எனக்குப் புரியாது. ஆனால் அவர் வாசித்தால் ஜனங்கள் பாடும்போது இழுத்துக்கொண்டு போகாமல் ஒன்றாகப் போவார்கள். அன்று இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்டேன்.

"சார் வாசிக்கலையா இன்னைக்கு?"

"அவரு விட்டு ரெண்டு மாசமாச்சே. கை நடுங்குதாம். நடு ஆராதனையில தப்பாயிருச்சுன்னா என்ன செய்யன்னு பயப்படுறாரு."

"நடுங்குதா? நீ பாத்தியா?"

"நான் பாக்கல. அவரே சொன்னாரு."

அவரே சொன்னார். யாரும் பார்க்கவில்லை. கூட்டம் வெளியே வரும்போது அவரைத் தூரத்தில் பார்த்தேன். வலது கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.

"அன்னைக்கே போய் நின்னு சொல்லியிருக்கலாம்ல மாமா. ரெண்டு நிமிசம்தான ஆயிருக்கும்?"

ஆயிருக்காது. ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காது. ஆனால் மதுரை ராடு கழன்றது என்று சொல்ல வேண்டும். டெஸ்ட் பண்ணாமலே பண்ணியதாகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். உடையாத குழாயை உடைத்ததைச் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் அன்றே சொல்லியிருந்தால் மூன்றும் சேர்ந்திருக்காது. நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது.

சார் ஊரைக் காலி செய்கிற அன்று கடைக்கு வந்தார். கையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி. மிச்சமிருந்த கார்பன் குழாய்கள்.

"ஒங்ககிட்ட இருக்கட்டும்ணே. ஒங்க ராடு ஒண்ணுகூட என்னைக் கைவிட்டதில்ல. எனக்குத்தான் கை போயிருச்சு."

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். வாய் திறந்தேன். "போன் பண்ணுங்க சார்" என்றுதான் வந்தது.

அவர் போன மறுநாள், கையிருப்பில் இருந்த இரண்டு ராடையும் எடுத்தேன். அதே காலையில், அதே ஸ்போக்கில், அதே பசையில் ஒட்டியவை. ஒன்றை வேப்பமரத்து ஆணியில் மாட்டிக் குடத்தைக் கட்டினேன். என் வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றினாள். பாதிக் குடம்கூட ஆகவில்லை. குடம் விழுந்து உருண்டு ரோட்டுக்குப் போனது. இரண்டாவதையும் மாட்டினேன். அதுவும் அப்படித்தான். அவள் குடத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் கவிழ்த்து வைத்தாள். விழுந்த வேகத்தில் பிடுங்கியது என்ற சமாதானம் அன்றோடு போயிற்று.

உடனே என்னிடம் இருந்த சாரின் வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. மகள் எந்த ஊர் என்று அவர் சொல்லியிருந்தார். பெரிய ஊர், தெரு தெரியாது. மொபைல் கடைக்காரரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. சர்ச்சில் கேட்டேன், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் தகவல் வரவில்லை. சர்ச்சில் விஷயத்தைச் சொல்லவில்லை, மொபைல் கடைக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நான்தான பெருசு லேட்டா இழுத்துட்டீங்கன்னு சொன்னேன்" என்றார்.

"நீ கண்ணால பாத்தத சொன்ன மாப்ள. நான் கண்ணால பாத்தத மறைச்சேன்."

அதற்கப்புறம் நான் புஷ்ராடு செய்யவில்லை. கேட்டு வந்தவர்களிடம் கண் தெரியவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்தான். அட்டைப்பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கீழே இறக்கித் தூசி தட்டி வைப்பேன், பலகையில் வைப்பதில்லை. உள்ளங்கையில் ஏறிய சிலாம்பு வரவேயில்லை. கறுப்புப் புள்ளியாக நிற்கிறது. வலி ஒன்றுமில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், உங்கள் சர்ச்சில், மதுரையிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கலாம். உயரமான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா, வலது கையை வெளியே எடுக்கத் தயங்குவார். ஆர்கனைப் பார்த்தால் ஒதுங்கி உட்காருவார். ஆகாயத்தில் சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். அவரைப் பார்த்தால் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும், பார்க்கக்கூடிய யாரிடமாவது சொல்லி வையுங்கள். அவர் குச்சியைச் சரியான நேரத்தில்தான் இழுத்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நடுங்கவில்லை. தெப்பக்குளத்துச் சைக்கிள் கடைக்காரன் டெஸ்ட் பண்ணவில்லை, ஸ்போக்கில் எண்ணெய் இருந்தது என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.